கொசுறு நார்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. அடுத்தவர் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு காகித ஆலையில் பதினெட்டு வருஷம் தரச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பழைய அட்டைப்பெட்டிகளைக் கூழாக்கி மறுபடியும் பழுப்புக் காகிதம் செய்கிற ஆலை. ஒவ்வொரு ரீலிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, இழுத்து, கிழித்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலை. தேறவில்லை என்றால் நேரே மெஷினுக்குப் போய் ஆளைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவேன். "இதுல போண்டா மடிச்சா, போண்டா மட்டும்தான் வீடு போய்ச் சேரும்" என்று ஒரு தடவை சொன்னது மூன்று ஷிஃப்டையும் சுற்றிக் கேன்டீன் வழியாக என் காதுக்கே திரும்பி வந்தது. எனக்கு அதில் பெருமைதான்.

பிறகு ஆலை நொடித்துப் போனது. முதலில் ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள். கேன்டீனில் வடை நின்றது. ஒரு திங்கட்கிழமை கம்பெனி பஸ் வரவில்லை; போன் போட்டுக் கேட்டால் டிரைவர், "உங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்று என்னையே கேட்டார். அப்புறம் மூன்று வருஷம் அந்தக் கேட்டில் பூட்டுத் தொங்கியது.

பூட்டைத் திறந்தது வேறு ஒரு கம்பெனி. நீளமான கூடம் இருக்கிறது, பாய்லர் இருக்கிறது, லாரி திரும்ப இடம் இருக்கிறது என்று பார்த்து வாங்கினார்கள். காகித மெஷினைத் துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போட்டுவிட்டு, மர நாரில் பலகை செய்கிற புது மெஷினை இறக்கினார்கள். கூரைக்கு அடியிலோ சுவருக்குள்ளேயோ அந்தப் பலகையை வைத்தால் வெயிலின் சூடு உள்ளே இறங்காதாம். என்னைப் பழைய வேலைக்கே கூப்பிட்டார்கள். வீட்டில் சொன்னபோது, ஓசூரில் வண்டி பாகம் செய்யும் கம்பெனியில் இரும்போடு மல்லுக்கட்டுகிற என் வீட்டுக்காரர், "மரத்தை நாராக்கி, நாரைத் திரும்பப் பலகையாக்கறதா? மரத்தையே பலகையா அறுத்தா ஆகாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். புது ஆலைத் தலைவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். திட்டுவதைக்கூட "ங்க" போட்டுத்தான் திட்டுவார். மெஷின் ஓட்ட, வடக்கே ஒரு பலகை ஆலையிலிருந்து பழகிய ஆட்களை மொத்தமாகக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்.

"எங்க பழைய ஆளுங்க பன்னெண்டு பேர் இருக்காங்க சார். நீராவின்னா என்ன, நாருன்னா என்னன்னு கையால தொட்டே சொல்லுவாங்க. அவங்க இருக்கறப்ப வெளியில இருந்து எதுக்கு ஆளு?"

"அவங்க தண்ணியில வேலை செஞ்சவங்கங்க. இது காய்ஞ்ச நாருங்க."

"ஆறு வாரம் குடுங்க. அவங்களுக்கு நான் பொறுப்பு."

அவர் சுவர்க் காலண்டரில் ஆறு வாரத்தை எண்ணிப் பார்த்தார். கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தார். ஆறு வாரத்துக்குள் ஆறு பலகைகள் பெங்களூரில் உள்ள ஒரு சோதனைக் கூடத்துக்குப் போகும். சூட்டைத் தடுக்கிற சோதனையில் அவை தேறினால் பன்னிரண்டு பேரும் மெஷினிலேயே நிரந்தரம். தேறாவிட்டால் வடக்கத்தி ஆட்கள் மெஷினுக்கு. நம் ஆட்கள் லாரியில் பலகை ஏற்றப் போக வேண்டும். "பொறுப்புன்னு சொன்னது நீங்கதானுங்க" என்று முடித்தார். சரி என்று வெளியே வந்தேன். வெளியே வந்த பிறகுதான், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரிடம்கூட இன்னும் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டு பேரையும் தேடிப் பிடிப்பதே ஒரு திருவிழாவாக இருந்தது. மூன்று ஷிஃப்டுக்கும் மெஷினை ஓட்டிய தலைமை ஆட்கள் மூன்று பேர். முதல் ஷிஃப்ட்காரருக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஓசூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி உடுப்பு மாட்டி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து, "என்னங்க மேடம், ரீல் போச்சா?" என்றார். இரண்டாம் ஷிஃப்ட்காரர் ஊத்தங்கரைப் பக்கம் சொந்த மேட்டு நிலத்தில் கடலை போட்டு, மழையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் காவேரிப்பட்டினத்துக்காரர், மாந்தோப்பு வைத்திருக்கிறார். மா விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பஸ்ஸை விட்டுவிடுவோம். மற்ற ஒன்பது பேரை இந்த மூவருமே கூட்டி வந்துவிட்டார்கள். லாரியில் ஏற்றுகிற வேலைக்கு இவர்கள் போனால் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை. மூன்று பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒருவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பேச என்ன இருக்கிறது?

வேலை பாதி வரைக்கும் தெரிந்த வேலைதான். தைலமரத் துண்டும், வயசான மாமரத் துண்டும் சில்லாக வெட்டி வரும். சில்லை நீராவியில் வேகவைத்து இரண்டு தட்டுக்கு நடுவே அரைத்தால் நார் பிரியும். அதற்கப்புறம் காகிதத்தில் தண்ணீர் சேரும். இங்கே சூடான காற்று. நார் நீளமான குழாயில் பறந்துகொண்டே காய்ந்து, பசையோடு சேர்ந்து, ஓடுகிற பெல்ட்டின் மேல் மெத்தை மெத்தையாக விழும். நெல் அளக்கும்போது மரக்காலின் தலையைக் கையால் வழிக்கிற மாதிரி, அந்த மெத்தையின் தலையை ஒரு உருளை வழித்துவிடும். பிறகு லேசாக அழுத்தி, அறுத்தால் பலகை. மெஷினில் மற்ற எல்லாம் கம்ப்யூட்டர் திரையில். அந்த உருளையை ஏற்றி இறக்குவதற்கு மட்டும் ஒரு கைச்சக்கரம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் பித்தளையில் கோடு போட்ட ஒரு அளவுத்தகடு, ஒரு முள்.

மெஷினோடு கூடவே ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரும் வந்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், எந்நேரமும் கையில் லேப்டாப், மற்றொரு கையில் வேகவைத்த வேர்க்கடலை. அவர்தான் முள்ளை ஒரு கோட்டில் நிறுத்தி, இதைத் தொடாதீர்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் பலகை வந்த அன்று தேங்காய் உடைத்தோம். ஆலைத் தலைவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். உருளைகளுக்கு நடுவிலிருந்து, தேன் நிறத்தில், கதகதப்பாக ஒரு பலகை வெளியே வந்தது. மூன்று ஷிஃப்ட்காரர்களும் அன்று ஒன்றாக வந்து, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாமன்கள் போல விறைப்பாக நின்றார்கள். நான் போய்க் கட்டை விரலால் பலகையை ஒரு அழுத்து அழுத்தினேன். விரல் பாதி உள்ளே போனது. காகிதத்தில் பதினெட்டு வருஷம் ஊறிய எனக்கு அது பொறுக்கவில்லை.

"இட்லி வெந்துடுச்சு. சாம்பார் எங்க?" என்றேன்.

கூடமே சிரித்தது. இன்ஜினியர் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, அவரும் சிரித்தார். சிரிக்காதவர்கள் அந்த மூன்று பேர் மட்டும். அதை நான் அன்று கவனிக்கவில்லை. இன்னொரு ஜோக் அடிக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது. மூன்று வருஷம் பூஜை காணாத கூடம் அல்லவா, ஆட்கள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பாய்லருக்கு மாலை, ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்று, என் தராசுக்குக்கூடப் பொட்டு. கைச்சக்கரம்தான் அந்த மெஷினில் கையில் பிடிக்க முடிகிற ஒரே பாகம் என்பதால் மரியாதையெல்லாம் அதற்குத்தான். சக்கரத்துக்கும் அளவுத்தகட்டுக்கும் சேர்த்துச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்கள். முள் எங்கே, கோடு எங்கே என்று தெரியவில்லை. சாமிக்கு வைத்ததை யார் துடைப்பார்கள்? அது பாட்டுக்குக் காய்ந்து கெட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் மெஷின்காரர் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையை ஆரம்பிப்பார். நாலு நாள் பார்த்துவிட்டு இன்ஜினியரும் ஒற்றிக்கொள்ள ஆரம்பித்தார்.

பூஜை முடிந்த பிறகு பலகை கனக்க ஆரம்பித்தது.

ஒரேயடியாக இல்லை. இன்றைக்கு ஒரு துளி, நாளைக்கு ஒரு துளி. பருமன் அதே பருமன், எடை மட்டும் ஏறியது. எங்கள் சோதனைக் கூடத்தில் சூட்டை அளக்கிற ஒரு பெட்டி இருக்கிறது. பலகையை நடுவில் வைத்தால் எவ்வளவு சூடு தாண்டிப் போகிறது என்று எண் காட்டும். எடை ஏற ஏற அந்த எண்ணும் கெட்டுக்கொண்டே போனது. மூன்றாவது வாரம் முடியும்போது தேற வேண்டிய எல்லையைத் தாண்டிவிட்டது.

எல்லோரும் காரணம் தேடினோம். இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்து எல்லா எண்களையும் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரேஞ்ச், வெரி ஸ்ட்ரேஞ்ச்" என்று கடலையை உரித்தார். நாரில் ஈரம் ஏறிவிட்டதா என்று பார்த்தோம், இல்லை. ஐப்பசி மழையைக் குற்றம் சொன்னோம். மழை நின்ற பிறகும் எடை நிற்கவில்லை. கடைசியில் நான், மாமரத்தில்தான் கோளாறு, தைலமரத்தைவிட அது கனம் என்று ஒரு தீர்ப்பு சொன்னேன். காவேரிப்பட்டினத்துக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடம், என்னைய என்ன வேணா சொல்லுங்க. எங்க ஊர் மாமரத்தைச் சொல்லாதீங்க" என்றவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமரத்தை நிறுத்திவிட்டு வெறும் தைலமரத்தில் ஓட்டினோம். எடை அப்போதும் ஏறியது. மூன்றாம் நாள் காலை அவர் என் மேஜைக்கு வந்து, "மாமரம் இல்லீங்களே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கேட்க வேண்டியதுதான்.

ஐந்தாவது வார நடுவில் ஆலைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். வடக்கே போன் போட்டு ஆட்களைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டதாக, மிகவும் மரியாதையாகச் சொன்னார். அன்றைக்கு மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எடை நோட்டை எடுத்து, முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பலகையாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பார்த்தால், ஷிஃப்ட் நடுவில் எடை ஏறவே இல்லை. எட்டு மணி நேரமும் ஒரே எடை. அடுத்த ஷிஃப்டின் முதல் பலகையில் ஒரு படி. அப்புறம் எட்டு மணி நேரம் சமதரை. மறுபடி ஒரு படி. மரமும் மழையும் ஷிஃப்ட் பார்த்து வேலைக்கு வருமா? மனுஷன்தான் வருவான்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். நான் கூடத்துக்குப் போய், அடுக்கி வைத்திருந்த பலகைகளுக்குப் பின்னால், பக்கத்து வீட்டு வம்பு கேட்கப் போனவளைப் போல ஒட்டி நின்றேன். ஊத்தங்கரைக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றினார். சக்கரத்தை இரண்டு கையாலும் பக்தியோடு தொட்டார். தொட்ட கையோடு அதை ஒரு கால் சுற்று சுற்றினார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இத்தனை நாள் எல்லார் கண்ணெதிரிலும்தான் நடந்திருக்கிறது. கும்பிடுகிற கையை யார் சந்தேகப்படுவார்கள்? நான் வெளியே வந்து, "என்னங்க பண்றீங்க?" என்றேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"சும்மா ஒரு கால் சுத்துதான் மேடம். மத்த ரெண்டு ஷிஃப்டும் நாரைக் கம்மியா போட்டுடறாங்களோன்னுதான். கூட ஒரு பிடி கொசுறு போட்டா என்ன குறைஞ்சுடும்?"

மறுநாள் முதல் ஷிஃப்ட்காரரைத் தனியாகப் பிடித்தேன். அவரும் அதையே சொன்னார்: நான் மட்டும்தான் மேடம், மற்ற இரண்டு பேர் கை சுருக்கம். மாந்தோப்புக்காரர் சாமி மேல் சத்தியம் செய்யப் போய், செய்யாமல் நிறுத்தி, ஒரு கால் சுற்று என்று ஒப்புக்கொண்டார். மூவரையும் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார வைத்தேன். ஒருவர் சொல்வதை மற்ற இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று கால் சுற்று, இத்தனை நாள். உருளை ஏறிக்கொண்டே போய், நார் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தகட்டில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாமென்றால் அங்கே சந்தனம்.

எனக்கு வாய் திறந்துவிட்டது. "முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட ஆளுங்களா நீங்க? தொடாதீங்கன்னு சொன்னதைத் தொட்டு, பன்னெண்டு பேர் வேலையிலயும் மண்ணைப் போட்டுட்டீங்களே! எதுக்கு இந்த வேலை?"

இரண்டு பேர் டீயைப் பார்த்தார்கள். முதல் ஷிஃப்ட்காரர்தான் நிமிர்ந்தார். எதற்கும் சத்தம் போட்டுப் பேசாத மனிதர்.

"நீங்க இட்லின்னு சொன்னீங்களே மேடம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மொதப் பலகை வந்தப்ப. எல்லாரும் சிரிச்சாங்க. வெள்ளைக்காரரும் சிரிச்சாரு. மூணு வருஷம் கழிச்சு ஒரு மெஷின்ல கை வெச்சு, எங்க கையால வந்த மொத சரக்கு. இன்னொரு தடவை உங்க வாயில விழக் கூடாதுன்னு நெனச்சோம். கெட்டியா இருந்தா சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சோம். அதுதான்."

ஊத்தங்கரைக்காரர் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "பதினெட்டு வருஷத்துல நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா இருக்குன்னு சொல்லி இருக்கீங்களா மேடம்?"

"தேறினா தேறிச்சுன்னு சொல்லி இருக்கேனே?"

"தேறிச்சுன்னு சொல்லி இருக்கீங்க" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் முன்னால் உட்கார்ந்தபடியே, காகிதம் காகிதமாக, ரீல் ரீலாக யோசித்தேன். சொன்னதே இல்லை. எவ்வளவோ நல்ல ரீல் ஓட்டியிருக்கிறார்கள். நான் முத்திரை குத்திவிட்டு அடுத்ததை எடுத்திருக்கிறேன். சரியில்லாததற்கு மட்டும் எனக்கு வார்த்தை வந்து கொட்டியிருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் எதிரில் அழுதுவிடுவேனோ என்று பயந்து, டீ ஆறிவிட்டது என்று கேன்டீன் பையனிடம் அநியாயமாக எரிந்து விழுந்தேன்.

அன்று மாலையே ஆலைத் தலைவரிடம் போனேன். காரணம் கிடைத்துவிட்டது, உருளை ஏறியிருக்கிறது என்றேன்.

"யாருங்க ஏத்துனது?"

ஆட்கள் என்று சொல்லியிருந்தால் உண்மைதான். தொடாதே என்றதைத் தொட்டவர்கள் என்று அந்த நிமிஷமே மூவரையும் லாரிக்கு அனுப்பியிருப்பார்.

"நாந்தாங்க."

"நீங்களா? உங்க கை அவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதுங்களே."

"கை இல்லைங்க. வாய்."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: இட்லி, சாம்பார், கொசுறு, சந்தனம். காகிதத்தில் எடை குறைந்தால்தான் திருட்டு. ஒரு பிடி கூடப் போடுவது எங்களுக்கு நாணயம் என்பதையும் சொன்னேன். சிரிப்பாரா கத்துவாரா என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"இன்னும் பத்து நாள்தான் இருக்குதுங்க. ஆறு வாரம்னா ஆறு வாரம்தான், அதுல மாத்தமில்லைங்க. அதுவரைக்கும் நீங்க மெஷின் கூடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாதுங்க. சொல்ல வேண்டியது எதா இருந்தாலும் சீட்டுல எழுதி அனுப்புங்க. தேறுச்சு, தேறலை. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாமுங்க."

இப்படியாக, என் வாய்க்கு மட்டும் தனியாகத் தடை உத்தரவு வாங்கிய பெருமை எனக்குக் கிடைத்தது. வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், அந்த ஆலைத் தலைவரின் போன் நம்பர் கிடைக்குமா, இப்படி ஓர் உத்தரவை எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

உருளையை இறக்கினால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். கெட்டியாக இருப்பதுதான் நல்ல சரக்கு என்று ஆட்கள் மனசுக்குள் இருக்கும் வரை, ஏதாவது ஒரு கை கும்பிடப் போய்ச் சுற்றிவிடும். உண்மையைச் சொன்னால் நானே அதை முழுசாக நம்பவில்லை. எண் காட்டுகிறது, சரி. எண்ணைப் பார்த்து நம்புகிற பிறவிகளா நாங்கள்?

கனத்த பலகையில் ஒன்று, முதல் வாரத்து லேசான பலகையில் ஒன்று என்று ஒரே அளவில் இரண்டு பெட்டி செய்யச் சொன்னேன். முற்றம் மெஷின் கூடத்தில் சேராது என்று சட்டம் பேசி, பெட்டிகளை நானே முற்றத்து வெயிலில் வைத்தேன். நெடுஞ்சாலைக் கரும்புச் சாறு வண்டிக்காரரிடம் ஐஸ் வாங்கி வந்து, என் தராசில் நிறுத்து, சமமாக இரண்டு கட்டி. காலை எட்டரைக்கு உள்ளே வைத்து மூடினோம். எந்தப் பெட்டியில் ஐஸ் நிற்கும் என்று வடை பந்தயம். பன்னிரண்டு பேரும் கனத்த பெட்டிக்குக் கை தூக்கினார்கள். லேசான பெட்டிக்கு இன்ஜினியர் ஒருவர் மட்டும்.

நாலு மணிக்குத் திறந்தோம். கனத்த பெட்டியில் தண்ணீர், நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஐஸ் மிதந்தது. லேசான பெட்டியில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி, அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது. ஊத்தங்கரைக்காரர் குனிந்து இரண்டு கட்டியையும் தொட்டுப் பார்த்தார்.

"சூட்டைத் தடுக்கறது நார் இல்லீங்களா அப்ப?"

"நாருக்கு நடுவுல நிக்கற காத்துங்க" என்றேன். அதை வாயால் சொன்னபோதுதான் எனக்கும் உறைத்தது.

"அடக் கடவுளே. கொசுறு போடறோம்னு இத்தனை நாளா இருந்த காத்தையெல்லாம் தொரத்தி இருக்கோம்" என்றார்.

இன்ஜினியருக்குப் பன்னிரண்டு வடை வந்தது. மனிதர் ஒன்பது சாப்பிட்டார்.

மறுநாள் காலை சோதனைக் கூடத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். சந்தனத்தை யார் துடைப்பது என்று பேச்சு நடக்கிறது என்பது கை ஆட்டத்திலேயே தெரிந்தது. நான் போனால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்; போகவில்லை. முதல் ஷிஃப்ட்காரர் போய்க் கை கால் கழுவிவிட்டு வந்தார். ஈரத்துணியால் தகட்டைத் துடைத்தார். மெஷினின் இரும்புக் காலில், எந்த முள்ளும் கோடும் இல்லாத இடமாகப் பார்த்து, புதுசாகச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். பிறகு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, முள்ளைப் பழைய கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றிலிருந்து எல்லாரும் அந்த இரும்புக் காலைத்தான் தொட்டுக் கும்பிட்டார்கள். இன்ஜினியர் உயரத்துக்கு அது கொஞ்சம் கஷ்டம்.

ஆறு பலகைகள் பெங்களூர் போயின. பதில் வர வேண்டிய நாளுக்கு முந்தின இரண்டு நாளும் நான் யாரிடமும் பேசவில்லை. தடை இல்லாவிட்டாலும் பேசியிருக்க முடியாது. நாலு முறை அந்த மூன்று பேரில் யாராவது ஒருவர் என் கண்ணாடிப் பக்கம் வந்து, சும்மா தண்ணீர் குடிக்க வந்த மாதிரி நின்றுவிட்டுப் போனார். முதுகில் ஆபரேஷன் ஆனவர், முற்றத்தில் லாரியில் பலகை ஏற்றுவதை அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன்.

கடைசி நாள் பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டரில் பதில் வந்தது. ஆறும் தேறிவிட்டன. ஆலைத் தலைவருக்குப் போன் போட்டேன். "வடக்கே போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடறேனுங்க. பன்னெண்டு பேருக்கும் ஆர்டர் இன்னைக்கே அடிச்சுடலாமுங்க" என்றார். போனை வைத்துவிட்டு, தலையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு சீட்டை எடுத்து, உத்தரவுப்படி, "ஆறு பலகையும் தேறியது. பன்னிரண்டு பேரும் மெஷினில் நிரந்தரம்" என்று எழுதினேன். பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது என்பதுதான் உத்தரவு. மீறி இரண்டு வார்த்தை எழுதி, மடித்து உள்ளே கொடுத்தனுப்பினேன்.

கூடத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. விசில் கூட வந்தது. அப்புறம் அது அடங்கிவிட்டது. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எனக்குக் கலவரமாகிவிட்டது.

கதவு தட்டப்பட்டது. முதல் ஷிஃப்ட்காரர், கையில் அதே சீட்டோடு நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு சந்தேகம். சீட்டை மேஜை மேல் விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார். அங்கே "நல்லா இருக்கு" என்று இருந்தது.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இதுக்குக் கீழ மட்டும் தனியா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மத்த ரெண்டு ஷிஃப்டும் நான்தான் எழுதிக்கிட்டேன்னு சொல்லுவாங்க."

கையெழுத்துப் போட்டேன். அவர் மை காயும் வரை ஊதிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.